கடைக்காரர் பக்கத்துக்கு ஒரே இழுப்பு

வேலூர், ஆம்பூர் பக்கம் கடை வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடப் போகிறார்களாம். நம் தொழிலின் இன்றைய நிலை, நாளைய நிலை பற்றிப் பெரியவர் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று மூன்று பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையன்கள் என்று நான் சொல்கிறேனே தவிர, மூன்று பேரும் தனித்தனிக் காரில் வந்தார்கள். நானோ எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன். இரண்டாவது வருஷம் வாத்தியாருக்கே அலுத்துவிட்டது. "பிழையெல்லாம் நாங்க திருத்திக்கிறோம் தாத்தா" என்றான் ஒருவன். தாத்தா என்று சொன்னதற்காக அவன் பெயரை இதில் போடாமல் விடுகிறேன்.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில். தொழில் ரொம்ப நன்றாக இருக்கிறது. வெறும் நாலு சுவரை வாங்கி அலமாரி, கவுன்டர், கண்ணாடி, விளக்கு எல்லாம் பொருத்தி, சாவியைக் கடைக்காரர் கையில் கொடுப்பதுதான் கடை வேலை. நாங்கள் தேக்குச் சட்டம் போட்டு அடித்த அலமாரி முப்பது வருஷம் அசையவில்லை. ஒரு கடைக்காரரும் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. எங்கள் பிழைப்பை நாங்களே கெடுத்துக்கொண்டோம். நீங்கள் மாட்டுகிற பலகை மூன்றாம் வருஷ மழைக்கு அப்பளம் மாதிரி உப்பிக்கொள்கிறது, கடைக்காரர் உடனே போன் பண்ணுகிறார். இதைவிடப் பிரகாசமான எதிர்காலம் வேறெந்தத் தொழிலுக்கு இருக்கிறது?

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மெஷின் பலகையை அறுக்கிற அழகைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். ஓரத்துக்குப் பட்டையும் அதுவே ஒட்டிவிடுகிறது. நின்று பார்த்ததில் எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஓரத்துக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் பாகாயத்துக்காரன். பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரு கதவு ஜன்னல் பட்டறையில் ரெண்டு வருஷம், சவப்பெட்டி செய்கிற இடத்தில் ஆறு மாதம் இருந்தேன். சவப்பெட்டிக்காரர் என்னை அனுப்பிவிட்டார். அளவெடுக்கப் போன வீட்டில் சிரித்துவிட்டேன் என்று புகார். அதற்குப் பிறகு ஆம்பூரில் ரயில் பாதை ஓரமாக இருந்த கரீம் பாய் பட்டறையில் சேர்ந்தேன். எழுபதுகளில் ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. சம்பளம் வாங்குகிற கை பெருகினால் கடையும் பெருகும். அதுவரை பலகைக் கதவும் தரையில் பாயுமாக இருந்த கடைகள், இரும்பு ஷட்டரும் கண்ணாடி ஷோகேஸும் டியூப்லைட்டுமாக மாறிக்கொண்டிருந்தன. பாய்க்கு மூச்சு விட நேரமில்லை. எனக்கு இருபத்து நாலு வயது ஆனபோது பலகை மேல் மைக்காத் தகடு ஒட்டுகிற வேலை முழுவதும் என் பொறுப்பு.

கரீம் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்குக் கத்தத் தெரியாது. நல்ல மனநிலையில் இருந்தால் "டேய் சேகர், கழுதை" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "சேகர், இங்க கொஞ்சம் வாங்க, உக்காருங்க" என்றால் அன்றைக்கு எவனுக்கும் சோறு இறங்காது. ஒரு தரம், ஷோகேஸுக்குக் கண்ணாடி மாட்ட வருகிற கண்ணாடிக்காரனின் டீயில் நான் உப்புப் போட்டேன்; அந்தக் கிளாஸ் தவறிப்போய் பாயிடம் போய்விட்டது. முழுக் கிளாஸையும் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துது, தேங்க்ஸுங்க" என்றார். நான் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

அவர் ஒரு கடையை ஒத்துக்கொண்டால் முதல் நாள் டேப்பை எடுக்க மாட்டார். கடைக்காரர் இப்போது வியாபாரம் செய்கிற இடத்தில் அரை நாள் சும்மா உட்கார்ந்து கையைப் பார்ப்பார். எந்தக் கையால் காசு வாங்குகிறார், எந்தக் கையால் சரக்கை இழுக்கிறார், முழங்கை எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார். அளவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து ஓரம். ஒட்டுப்பலகை மேல் மைக்கா ஒட்டி அறுத்தால் அதன் ஓரம் பிளேடு மாதிரி நிற்கும். அரம் போட்டு இழுத்து மழுக்க வேண்டும். பட்டறையில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. வாடிக்கையாளர் கை படுகிற பக்கத்துக்கு மூன்று இழுப்பு, கடைக்காரர் கை படுகிற பக்கத்துக்கு ஒரே இழுப்பு. வந்த புதிதில் ஏன் என்று கேட்டேன்.

"வாங்க வர்றவன் கை புதுக் கை. கடைக்காரர் கை தெனம் அங்கியே இருக்குது. எங்க சுருக்குன்னு இருக்குதோ, ரெண்டு நாள்ல அது தானா கத்துக்கும்" என்றார் பாய்.

அந்த ரெண்டு இழுப்பு மிச்சத்தில் ஒரு கடைக்கு முக்கால் நாள் வேலை கம்மி. எங்களிடம் மட்டுமில்லை, எல்லாப் பட்டறையிலும் இதே கணக்குதான்.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒன்று செய்வார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் கடை முழுக்க ஓடவிடுவார். பலகை மேல், பலகை கீழ், டிராயர் உள்ளே, கவுன்டருக்குப் பின்னே. எங்கே கை நின்றதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. கோடு இல்லாத கடைக்குத்தான் சாவி. அப்போது அவர் முன்னால் சத்தமில்லாமல் ஒரு ஸ்டூலை நகர்த்தி வைத்து நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை தனி.

இனி தேவராஜ் அண்ணன் கடை.

அவர் திமிரி பக்கம் ஒரு கிராமத்துக்காரர். சின்ன வயதிலேயே தொழுநோய் வந்து, பல வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்து குணமானவர். குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஆனால் இரண்டு கையிலும் விரல்கள் மடங்கிக் குறைந்து போயிருந்தன. கையில் உணர்ச்சியும் கிடையாது. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற ஒருவரிடம் சரக்கு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்றுக்கொண்டிருந்தார்.

பட்டறைக்கு வந்தவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சைக்கிள்ல வெச்சி வித்தா, வாங்க வர்றவன் மொதல்ல கையப் பாக்கறான் பாய். பாத்துட்டு துணிய உதறிட்டுப் போய்ட்றான். கடைன்னு ஒண்ணு இருந்தா மொதல்ல கடையப் பாப்பான். நெசவுக்காரர் ஒரு மாசம் டைம் குடுத்துருக்கார். லுங்கி, வேட்டி, துண்டு எல்லாம் ரொப்பித் தர்றேன், ஓடலன்னா திருப்பி எடுத்துக்குவேன்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் சைக்கிளுக்குக்கூட சரக்குத் தர மாட்டார்."

"கடை எங்க புடிச்சிருக்கீங்க?" என்றார் பாய்.

"பஜார்ல. மெடிக்கல் ஷாப் பக்கத்துல, எட்டடிக் கடை."

"சரி. நாளைக்கு வந்து இங்க உக்காந்து நூறு லுங்கி மடிங்க."

மறுநாள் அவர் மடித்தார், பாய் பார்த்தார். துணியை முன்னங்கையால் இழுத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நீவி, மணிக்கட்டால் புரட்டினார். எங்களில் யாரும் அவ்வளவு நேராக மடிக்க மாட்டோம். அன்று மாலையே பாய் தோல் ஷாப்பிலிருந்து பெல்ட் வார் வாங்கிவரச் சொன்னார். டிராயருக்குக் குமிழ் கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தோல் வளையம், மணிக்கட்டை நுழைத்து இழுத்தால் வந்துவிடும். கல்லாப் பெட்டியில் சில்லறைக்குக் குழி குழியாகக் கடைந்து, கையால் வழித்தால் காசு மேலே ஏறுகிற மாதிரி செய்தார். நான் பார்த்ததிலேயே அவர் அவ்வளவு யோசித்துச் செய்த கடை அதுதான்.

இப்போது என் விஷயம். எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் அதைப் பெரு வியாதி என்பார்கள், பேரைச் சொல்லவே தயங்குவார்கள். டாக்டர் எழுதிய தாள் இங்கிலீஷில் இருந்தது, எனக்கு எங்கே படிக்கத் தெரியும்? தேவராஜ் அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கி வருவார். "இப்பத்தான் குடிச்சேண்ணே" என்பேன். நாலு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் கிளாஸை என் அரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

"தம்பி, பாயக் கிண்டல் பண்ற. கண்ணாடிக்காரரைக் கிண்டல் பண்ற. நேத்து கட்டட ஓனரம்மாவக்கூட வுடல. என்னை மட்டும் வாங்கண்ணே, போங்கண்ணேன்ற. நான் இன்னா பாவம் பண்ணேன்?"

டீயை எடுத்துக் குடித்தேன். பயம் போனதால் குடிக்கவில்லை, அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் குடித்தேன். பயம் போக இன்னும் நாளாயிற்று. நடந்ததை நடந்தபடிதான் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை திறப்பு. வியாழக்கிழமை காலையில் பாய் கண்ணை மூடிக்கொண்டு கடையைத் தடவி முடித்தார். ஒரு சாக்பீஸ் கோடுகூட விழவில்லை. மத்தியானம் குடியாத்தத்திலிருந்து மூட்டைகள் வந்தன. தேவராஜ் அண்ணன் கவுன்டருக்குப் பின்னால் நின்று, கீழ் டிராயர்களில் வேட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் ஏணி மேல் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தபோது மேலாக இருந்த வேட்டியில் சிவப்பாக ஒரு தீற்றல் தெரிந்தது. இன்றைக்காவது இவரைக் கிண்டல் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"இன்னாண்ணே, பூஜை நாளைக்குத்தான. அதுக்குள்ள வேட்டிக்கெல்லாம் குங்குமம் வெச்சிட்டீங்க? மாப்ள வேட்டியா?"

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். "நான் எங்கடா குங்குமம் வெச்சேன்" என்று அடுத்த வேட்டியை எடுத்தார். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. நான் ஏணியிலிருந்து இறங்கினேன். அவருடைய வலது மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்குத் தோல் பிளந்து, ரத்தம் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

பாய் ஓடிவந்து துண்டை எடுத்துச் சுற்றப் போனார். தேவராஜ் அண்ணன் அவரைத் தடுத்துவிட்டு, முதலில் வேட்டிகளைத் தனியாக எடுத்து வைத்தார். நாலு வேட்டி கறையாகியிருந்தது. பிறகு தன் பையைத் திறக்கச் சொன்னார். பஞ்சுச் சுருள், துணிக்கட்டு, மருந்து எல்லாம் அதில் இருந்தன.

"கைல ஒண்ணும் தெரியாது பாய். மணிக்கொரு தரம் கண்ணால பாத்துக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்தாங்க. இன்னைக்கு சந்தோஷத்துல பாக்க மறந்துட்டேன்."

நான் கட்டுப் போட்டேன். முதல் முறையாக அவர் கையைத் தொட்டது அப்போதுதான். கட்டிக்கொண்டே எங்கே வெட்டியது என்று தேடினேன். டிராயர் வாயின் மேல் ஓரத்தில் விரலை வைத்தேன். சுருக்கென்றது, என் விரல் தானாகப் பின்னால் வந்தது. அந்த ஓரம் கடைக்காரர் பக்கம். நான் அரம் போட்டது. ஒரே இழுப்பு.

பாய் வந்து அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அவர் கையும் பின்னால் வந்தது. காலையிலும் இப்படித்தான் வந்திருக்கும். ஆனால் கடைக்காரர் பக்கத்தில் கை அவ்வளவு தூரம் பின்வாங்கினால் பரவாயில்லை என்பது எங்கள் கணக்கு. அந்தக் கடைக்காரர் கை பின்வாங்காது, ரெண்டு நாள் இல்லை, ரெண்டாயிரம் நாள் ஆனாலும் கத்துக்காது என்பது, அரை நாள் உட்கார்ந்து அவர் கையையே பார்த்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சேகர், நீங்க இங்க வாங்க" என்றார் பாய்.

சரி, தொலைந்தேன் என்று போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கைய நம்பி முப்பது வருஷமா சாவி குடுத்துனு இருக்கேன். இந்தக் கடைக்கு இது ஒதவாதுங்க."

"வேற எத வெச்சி பாக்கறது பாய்?"

நான் கீழே சிந்திய பஞ்சைப் பொறுக்கினேன். எல்லாம் வந்தது, ஒரு துணுக்கு மட்டும் வரவில்லை. டிராயர் ஓரத்தில் மாட்டிக்கொண்டு இழை இழையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பாயும் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தேவராஜ் அண்ணனின் பஞ்சுச் சுருளைப் பார்த்தோம்.

"எடுத்துக்குங்க, ஆஸ்பத்திரில இன்னும் குடுப்பாங்க" என்றார் அவர்.

அன்றைக்குப் பாய் கண்ணை மூடவில்லை. பஞ்சைப் பிய்த்து ஒவ்வொரு ஓரத்திலும் மெதுவாக இழுத்தார். இழை மாட்டிய இடத்திலெல்லாம் சாக்பீஸ் கோடு. காலையில் ஒரு கோடுகூட விழாத கடையில் எழுபது எண்பது கோடு விழுந்தது. நானும் இன்னும் இரண்டு பேரும் அரத்தோடு உட்கார்ந்தோம். அரத்துக்குப் பிறகு உப்புத்தாள், உப்புத்தாளுக்குப் பிறகு மெழுகு, அதற்குப் பிறகு மறுபடியும் பஞ்சு. தோல் வளையத்தின் விளிம்பைக்கூடப் பாய் விடவில்லை. தேவராஜ் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து எங்களை வேலை வாங்கினார்.

"தம்பி, அந்தப் பக்கம் இன்னும் ஒரு இழுப்பு போடு. நான் ஏமாந்தவன்னு நெனச்சிக்காத."

"போட்டாச்சிண்ணே. இதுக்கு மேல போட்டா டிராயரு தீப்பெட்டி சைஸுக்கு வந்துடும்."

"வரட்டும். தீப்பெட்டி விக்கறேன்."

பொழுது சாய்வதற்குள் முடித்தோம். கறைபட்ட நாலு வேட்டியையும் பாய் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாரம் அதில் ஒன்று வெளுத்துப் பளிச்சென்று அவர் இடுப்பில் இருந்தது. வெள்ளை வேட்டியோடு ஒருவர் இழைப்புளி தள்ளியதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை முடிந்தது. பாயும் நானும் எதிர்சாரி டீக்கடையில் உட்கார்ந்தோம். கடையைத் திறந்தால் முதல் போணி ஆகும்வரை அவர் அந்தத் தெருவை விட்டுப் போக மாட்டார். ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. ஆட்கள் நின்றார்கள், "கடை சோக்கா இருக்குதுல்ல" என்றார்கள், ஒரு கால் படியில் வைத்தார்கள். உள்ளேயிருந்து கட்டுப்போட்ட கை நீண்டு லுங்கியைப் பிரித்ததும், "அப்பால வர்றேன்" என்று போய்விட்டார்கள். பதினொன்றுக்குள் ஆறு பேர் அப்படிப் போனார்கள். தேவராஜ் அண்ணன் ஒவ்வொரு தடவையும் பிரித்ததை மடித்து வைத்தார்.

என்னால் முடியவில்லை. "பாய், நான் போயி ரெண்டு லுங்கி வாங்கிக்குனு வர்றேன்" என்று எழுந்தேன்.

அவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ வாங்கினா அது வியாபாரம் இல்லடா, தர்மம். தர்மம் வாங்கறதுக்கு அவருக்குக் கடை எதுக்கு?"

பன்னிரண்டு மணிவாக்கில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிற ஒரு அம்மா வந்தார். சாப்பாட்டு நேரம், கையில் தூக்கு. அப்பாவுக்கோ புருஷனுக்கோ லுங்கி பார்த்தார். கட்டம் போட்டது வேண்டாம், கோடு போட்டது காட்டு. பச்சை வேண்டாம், நீலம் காட்டு. தேவராஜ் அண்ணன் மணிக்கட்டை வளையத்தில் நுழைத்து டிராயர் டிராயராக இழுத்தார். அந்த அம்மா பன்னிரண்டு லுங்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எச்சில் தொட்டுச் சாயம் போகிறதா என்று தேய்த்தார். குரல் எதிர்சாரி வரை கேட்டது.

"இன்னாய்யா வெல சொல்ற, குடியாத்தத்துலயே வாங்கிட்டு வந்துருவேன் நான்."

"அப்ப பஸ் ஏறி குடியாத்தமே போம்மா. பன்னெண்டு உருப்படிய கலைச்சிப் போட்டுட்டு நியாயம் பேசறே."

முதல் போணிக்கு முன்னால் எந்தக் கடைக்காரராவது இப்படிப் பேசுவாரா?

"வாயப் பாரு, கடைக்காரனுக்கு. உன் கடைக்கு எவன் வருவான்" என்று அந்த அம்மா தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பத்தடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து, "அந்த நீலக்கோடு ரெண்டும் எடு. வெலைய மட்டும் ஒழுங்கா சொல்லு" என்றார். சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றிருந்த இரண்டு பேர், என்ன சண்டை என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் படியேறித் துண்டு ஒன்றைக் கையிலெடுத்து, இது என்ன விலை என்றார்.

பாய் டீயை முடித்துவிட்டு எழுந்தார். தொழுகைக்கு நேரமாகியிருந்தது.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாமா பாய்?" என்றேன்.

"வேணாம். அவரு வியாபாரத்துல இருக்கார்."